மூன்று மொழியில் ஒரு செய்தி

லக்சம்பர்க் நகர ரயில் நிலையத்தில் காலை ஏழரை மணிக்குச் சும்மா நின்றாலே அந்த நாட்டுப் பத்திரிகை உலகம் பாதி விளங்கிவிடும். மெட்ஸ், தியோன்வில் பக்கமிருந்து வரும் ரயில்கள் பிரெஞ்சுக்காரர்களைக் கூட்டம் கூட்டமாக இறக்கிவிடுகின்றன. வங்கிக்கும் மருத்துவமனைக்கும் கடைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்கள். வெளியே போகும் வழியில் அடுக்கியிருக்கும் லெசான்சியேல் நாளிதழை நடையை நிறுத்தாமல் உருவிக்கொண்டு போகிறார்கள். பிரெஞ்சுப் பத்திரிகை, காசு கிடையாது, 2007-ல் தொடங்கியது. கடைக்குள் நுழைந்து காசு கொடுத்து லக்சம்பர்கர் வோர்ட் வாங்கிய பெரியவர் ஒருவரை மட்டும் பார்த்தேன். அவர் உள்ளூர்க்காரர். கடைக்காரப் பெண்ணிடம் ‘மொயென்’ என்று லக்சம்பர்கிஷில் வணக்கம் சொல்லிவிட்டு, சில்லறைக் கணக்கைப் பிரெஞ்சில் பேசி, ஜெர்மன் பத்திரிகையை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு டிராமுக்குப் போனார். இதில் அவருக்கோ கடைக்காரிக்கோ வியப்பு ஒன்றும் இல்லை.

நாடு சின்னது. 2,586 சதுர கிலோமீட்டர். நம் கன்னியாகுமரி மாவட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு. மக்கள் ஏழு லட்சத்துக்குள். அதில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் வேற்று நாட்டுக் குடிமக்கள். போதாததற்குத் தினமும் பிரான்ஸ், பெல்ஜியம், ஜெர்மனி எல்லைகளைத் தாண்டி இரண்டு லட்சத்துக்கும் அதிகமானோர் வேலைக்கு வந்து மாலையில் திரும்புகிறார்கள். பஸ், டிராம், ரயில் எதற்கும் 2020 முதல் டிக்கெட் இல்லை, முதல் வகுப்பு தவிர. என்னைப் போல ஊர் ஊராகச் சுற்றிப் பத்திரிகை பொறுக்குகிறவனுக்கு இதைவிட நல்ல நாடு அமையாது.

ப்ளாஸ் தார்ம் சதுக்கத்தில் ஒரு காபிக்கடையில் உட்கார்ந்து வோர்ட்டை விரித்தேன். எனக்கு ஜெர்மன் ஓரளவு ஓடும், பிரெஞ்சு தட்டுத்தடுமாறும். முதல் பக்கம் முழுக்க ஜெர்மன். இரண்டாம் பக்கத்து அரசியல் செய்தியும் ஜெர்மன்தான்; ஆனால் மசோதாவிலிருந்து எடுத்த வரி வரும்போது மேற்கோள் குறிக்குள் பிரெஞ்சு அப்படியே நிற்கிறது. பக்கத்தில் ஜெர்மன் விளக்கம் கிடையாது. பண்பாட்டுப் பக்கத்தில் ஓவியக் கண்காட்சி பற்றிய கட்டுரை தொடக்கம் முதல் கடைசிவரை பிரெஞ்சு. வேலைவாய்ப்பு விளம்பரங்களும் பெரும்பாலும் பிரெஞ்சு. பிறகு வருவது காலமானார் அறிவிப்புகள், பக்கம் பக்கமாக. அங்கே போனதும் மொழி மாறிவிடுகிறது. செய்திக்குக் கிடைக்காத லக்சம்பர்கிஷ் மொழிக்கு இங்கே இடம் தாராளம்: பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், மருமக்கள் பெயர்கள், திருப்பலி எந்தக் கோவிலில், மலர்வளையத்துக்குப் பதில் எந்த அறக்கட்டளைக்குப் பணம் அனுப்பலாம் என்பதெல்லாம் வீட்டு மொழியில். போர்த்துகீசியக் குடும்பப் பெயரோடும் ஒன்று இருந்தது. அதன் வாசகம் பிரெஞ்சு.

பக்கத்து மேசையில் இருந்த அம்மாள், ஓய்வுபெற்ற ஆசிரியை, நான் அந்தப் பக்கத்திலேயே தங்கிவிட்டதைக் கவனித்திருக்க வேண்டும். “நாங்களும் அங்கிருந்துதான் தொடங்குவோம்” என்றார். வோர்ட்டுக்குச் சந்தா கட்டுகிறவர்களில் பலர் அதற்காகவே கட்டுகிறார்கள் என்பது அவர் கட்சி. ஊரில் யார் போனார் என்று தெரியாமல் தெருவில் இறங்கினால் யாரிடம் என்ன விசாரிப்பது? தினத்தந்தி வீடுகளில் வளர்ந்த எனக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் ஒரு செய்தியைப் பிடித்துக்கொண்டு அதன் பாதையைப் பார்த்தேன். வாடகை வீடுகள் குறித்த விவாதம். மசோதா பிரெஞ்சில் எழுதப்பட்டிருக்கிறது. 1984 பிப்ரவரியில் வந்த மொழிச் சட்டப்படி இந்த நாட்டில் சட்டத்தின் மொழி பிரெஞ்சு. அறுபது உறுப்பினர்கள் கொண்ட நாடாளுமன்றத்தில் அதைப் பற்றிப் பேசிக்கொண்டது லக்சம்பர்கிஷில். அதே சட்டம் அதைத் தேசிய மொழி என்கிறது, அங்கே வாய்ச்சண்டை அந்த மொழியில்தான் நடக்கும். செய்தியாளர் மாடத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவர் எழுதியது ஜெர்மனில். ஆக, ஓர் உறுப்பினர் சபையில் சொன்னது அச்சில் வரும்போது அவர் வாயில் வந்த சொற்களாக இல்லை. செய்தியாளர் போகிற போக்கில் மொழிபெயர்க்கிறார், வாசகர் போகிற போக்கில் அதை மீண்டும் தன் பேச்சுக்குத் திருப்பிக் கேட்டுக்கொள்கிறார். உறுப்பினர்கள் தாங்கள் சொன்னது திரிந்துவிட்டது என்று சண்டைக்கு வருவதில்லையா என்று கேட்டேன். வருவார்கள், ஆனால் மொழியைக் காரணம் காட்டுவதில்லை என்றார் ஒரு செய்தியாளர்.

இதன் வேர் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. குழந்தை வீட்டில் லக்சம்பர்கிஷ் பேசும். ஆறு வயதில் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்பது ஜெர்மனில். பிரெஞ்சு அடுத்தடுத்த ஆண்டுகளில் சேரும். பேசுகிற மொழியை எழுதப் பழக்கும் நேரம் மிகக் குறைவு. அதனால் பெரியவர்கள் தங்கள் தாய்மொழியைச் சரளமாகப் பேசுவார்கள், அதே மொழியில் நீளமான கட்டுரையைக் கொடுத்தால் உதட்டை அசைத்துப் படிப்பார்கள். ஜெர்மன் என்றால் கண் தானாக ஓடும். செய்தித்தாள் கண் ஓடுகிற மொழியைத்தானே அச்சடிக்கும்? கம்யூனிஸ்ட் கட்சியின் நாளிதழ் 1946-லிருந்து வருகிறது; அதன் பெயர் ‘லக்சம்பர்க் மக்களின் செய்தித்தாள்’ என்று சுத்தமான லக்சம்பர்கிஷில் இருக்கும், உள்ளே ஜெர்மன். 1948-ல் தொடங்கிய தாராளவாதிகளின் லெட்ஸெபுயர்கர் ஜூர்னாலும் காகிதத்தில் வந்தவரை அப்படியே: பலகை ஒரு மொழி, சரக்கு ஒரு மொழி.

கிர்ச்பெர்க் மேட்டில் வங்கிகளுக்கும் ஐரோப்பிய ஒன்றிய அலுவலகங்களுக்கும் நடுவே தேசிய நூலகத்தின் புதிய கட்டடம் 2019-ல் திறக்கப்பட்டது. பழைய பத்திரிகைகளை ஒளிவருடி வைத்திருக்கிறார்கள். கட்டணம் இல்லை, யார் வேண்டுமானாலும் புரட்டலாம். வோர்ட்டின் முதல் இதழ் 1848 மார்ச் 23 தேதியிட்டது. தணிக்கையை நீக்கி மூன்றே நாள். அந்த அவசரத்தைப் பார்த்தால், ஆசிரியர் குழு தலையங்கத்தை எழுதி வைத்துக்கொண்டு கதவருகே காத்திருந்தது போலத் தெரியும். கத்தோலிக்கப் பத்திரிகை. மறைமாவட்டத்தின் பிடியில் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. 2020-ல்தான் பெல்ஜியத்தின் மீடியாஹவுஸ் நிறுவனம் வாங்கியது. நீண்ட காலம் ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு தாள் என்பதே கணக்கு: கிறிஸ்தவக் கட்சிக்கு வோர்ட், சோஷலிஸ்ட்டுகளுக்கும் தொழிற்சங்கத்துக்கும் டாகெப்ளாட், தாராளவாதிகளுக்கு ஜூர்னால், கம்யூனிஸ்ட்டுகளுக்கு அவர்களுடையது. ஒரு வீட்டு அஞ்சல் பெட்டியைப் பார்த்தால் வோட்டு எங்கே விழும் என்று தபால்காரருக்குத் தெரிந்துவிடும்.

நாஜிகளின் காலத்து இதழ்களை அதிக நேரம் பார்க்க முடியவில்லை. 1940 மே 10 அன்று ஜெர்மன் படை நுழைந்தது. பிரெஞ்சு மொழி தடை செய்யப்பட்டது. கடைப்பலகை, தெருப்பெயர், ஆட்பெயர் எல்லாம் ஜெர்மனாக்கப்பட்டன. வோர்ட்டின் இயக்குநராக இருந்த பாதிரியார் ழான் ஒரிஜே கைது செய்யப்பட்டு 1942-ல் டாகாவ் முகாமில் இறந்தார். பத்திரிகை மட்டும் அதே பெயரில் நாஜிப் பிரச்சாரத் தாளாக வந்துகொண்டிருந்தது. 1941 அக்டோபரில் குடிக்கணக்கு எடுக்க வந்தார்கள். குடியுரிமை என்ன, தாய்மொழி என்ன, இனம் என்ன என்று மூன்று கேள்வி. லக்சம்பர்கிஷ் ஒரு வட்டார வழக்குதான், அதைத் தாய்மொழி என்று எழுதக் கூடாது என்ற அறிவுரை வேறு. மூன்றுக்கும் லக்சம்பர்க் என்றே எழுதச் சொல்லித் தலைமறைவு இயக்கத்தினர் துண்டறிக்கை பரப்பினார்கள். முன்னோட்டமாகப் பிரித்துப் பார்த்த படிவங்களிலேயே விடை தெரிந்துபோக, கணக்கெடுப்பைக் கைவிட்டார்கள். இவ்வளவுக்குப் பிறகும் போர் முடிந்ததும் பத்திரிகைகள் ஜெர்மனுக்கே திரும்பின என்பது எனக்கு இப்போதும் ஆச்சரியம்தான். கோபம் ஒரு பக்கம் இருந்தது, படிப்புப் பழக்கம் வேறு பக்கம்.

வடக்கே க்ளேர்வோ வரை ரயிலில் போனேன். மலைச் சரிவில் மடாலயம், கீழே கோட்டை. கோட்டைக்குள் எட்வர்ட் ஸ்டைகன் தொகுத்த ‘மனிதக் குடும்பம்’ புகைப்படக் கண்காட்சி நிரந்தரமாக இருக்கிறது. பார்க்க வேண்டிய ஒன்று. ஆனால் அன்று என் கவனம் ரயிலில் வாங்கிய தாளின் உள்ளூர்ப் பக்கங்களில் இருந்தது. நாட்டிலேயே பெரிய நாளிதழ். அதில் ஒரு கிராமத்துத் தீயணைப்புப் படைக்குப் புது வண்டி வந்த செய்தி நான்கு பத்தி, படத்தோடு. வண்டிக்கு முன்னால் வரிசையாக நின்ற அத்தனை பேரின் பெயரும் இடமிருந்து வலமாக. ஊர் பித்தளை வாத்தியக் குழுவின் ஆண்டுக் கச்சேரி. குழந்தைகள் காப்பகத்துக்கு அடிக்கல். இங்கே நாட்டுச் செய்தி, ஊர்ச் செய்தி என்று பிரிக்கத் தேவையே வருவதில்லை. நாட்டின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குக் காரில் ஒன்றரை மணி நேரம். அமைச்சரின் மைத்துனர் அந்த வாத்தியக் குழுவில் ட்ரம்பெட் வாசிப்பவராக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு.

முன்னாளில் தனி ஊர்த் தாள்கள் இருந்தன. மோசெல் நதிக்கரை கிரேவன்மாகரில் ஓபர்மோசெல் சைட்டுங் வந்துகொண்டிருந்தது. போருக்குப் பின் 1948-ல் அது இன்னொரு தாளோடு கலந்து ஜூர்னால் ஆனது. தெற்கே எஷ் நகரில் 1913-ல் எஷர் டாகெப்ளாட் தொடங்கியது. எஷ்ஷின் நாளிதழ் என்பதே பெயர். நாளாவட்டத்தில் ஊர்ப்பெயர் உதிர்ந்து டாகெப்ளாட் மட்டும் நின்றது, நாட்டின் இரண்டாவது பெரிய ஜெர்மன் நாளிதழாக. ஊர்த் தாள் ஒன்று செத்துப் போனதாகவோ வளர்ந்து போனதாகவோ எப்படியும் சொல்லிக்கொள்ளலாம்.

இவ்வளவு சின்ன நாட்டில் இத்தனை நாளிதழ்கள் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன என்று யாருக்கும் தோன்றும். அரசுப் பணம். 1976-ல், கிறிஸ்தவக் கட்சி அபூர்வமாக எதிர்க்கட்சியாக இருந்த காலத்தில், பத்திரிகைகளுக்கு நேரடி உதவித்தொகை தரும் சட்டம் வந்தது. அச்சாகும் பக்கங்களை எண்ணிப் பணம் கொடுத்தார்கள். பக்கம் கூடினால் தொகை கூடும் என்று தெரிந்தபின் எந்த ஆசிரியர் செய்தியைச் சுருக்குவார்? தீயணைப்பு வண்டிக்கு நான்கு பத்தி கிடைத்ததில் அந்தச் சட்டத்துக்கும் ஒரு பங்கு இருந்திருக்கும் என்பது என் சந்தேகம். 2021-ல் சட்டத்தை மாற்றி, முழுநேரச் செய்தியாளர்களின் எண்ணிக்கையை அளவுகோலாக்கினார்கள். இணைய இதழ்களுக்கும் வழி பிறந்தது. ஜூர்னால் அதே ஆண்டு காகிதத்தை விட்டுவிட்டு இணையத்துக்குப் போய்விட்டது. மூன்று அரசு மொழிகளுக்கு வெளியே, மக்கள்தொகையில் குறைந்தது 15 சதவீதத்தினர் பயன்படுத்தும் மொழிகளில் வரும் இதழ்களுக்கும் உதவி உண்டு என்றானது. இந்தக் கடைசிப் பிரிவு யாருக்காக என்பது எஷ்ஷுக்குப் போனால் தெரியும்.

எஷ் இரும்பு ஊர். பெல்வால் பகுதியில் கடைசி ஊதுலை 1997-ல் அணைந்தது. துருவேறிய இரண்டு ஊதுலைகளைச் சுற்றி இப்போது பல்கலைக்கழகம், மாணவர் விடுதி, வணிக வளாகம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சுரங்கத்துக்கும் ஆலைக்கும் வந்தவர்கள் இத்தாலியர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அதே பள்ளியில் ஜெர்மன் படித்து, டாகெப்ளாட் வாசகர்களாகி, மேயர்களும் அமைச்சர்களும் ஆனார்கள். 1960-களிலிருந்து வந்தவர்கள் போர்த்துகீசியர்கள். இவர்களுக்கென்று கொன்டாக்டோ இதழ் 1970-லேயே தொடங்கிவிட்டது. பிரெஞ்சு படிப்பவர்களுக்காக 2001-ல் இரண்டு பெரிய பதிப்பகங்களும் போட்டியாக ஒவ்வொரு நாளிதழ் தொடங்கின. வோர்ட் வீட்டிலிருந்து வந்த லா வுவா 2011-ல் நின்றது, டாகெப்ளாட் வீட்டார் பங்குதாரராக இருக்கும் லெ கொத்திதியென் தொடர்கிறது. இன்று வோர்ட் நிறுவனம் ஜெர்மனுக்கு ஒன்று, பிரெஞ்சுக்கு ஒன்று, போர்த்துகீசியத்துக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு ஒன்று எனத் தனித்தனியாகச் செய்தி தருகிறது.

வாசகருக்கு வசதி. மறுப்பதற்கில்லை. ஆனால் ப்ளாஸ் தார்மில் நான் விரித்த அந்தக் கலப்படப் பக்கம் செய்துகொண்டிருந்த ஒரு காரியம் இதில் நடப்பதில்லை. அந்தப் பக்கம் வாசகரைக் கேட்காமலேயே அடுத்தவர் மொழிக்குள் தள்ளியது. ஜெர்மன் படித்துக்கொண்டிருந்தவர் பிரெஞ்சுக் கண்காட்சிக் கட்டுரையில் தடுக்கி விழுவார், பிரெஞ்சுக்காரர் லக்சம்பர்கிஷ் இரங்கலில் தெரிந்த பெயரைக் கண்டு நிற்பார். லெட்ஸெபுயர்கர் லாண்ட், வோக்ஸ் போன்ற வார இதழ்கள் இன்னும் அப்படித்தான் வருகின்றன. ஒரே இதழில் ஜெர்மன் கட்டுரையும் பிரெஞ்சுக் கட்டுரையும் அடுத்தடுத்து, யாருக்கும் சலுகை இல்லாமல். அவற்றைப் படிப்பவர்கள் படித்த வட்டத்தினர். காலை ரயிலில் இறங்குகிறவர்கள் அல்ல. லக்சம்பர்கிஷ் கூட இதற்குள் தனக்கொரு இடம் தேடிக்கொண்டுவிட்டது: ஆர்டிஎல் நிறுவனத்தின் இணையச் செய்திகள் அந்த மொழியிலேயே எழுதப்பட்டுப் பெருமளவில் படிக்கப்படுகின்றன. கைபேசியில் குறுஞ்செய்தி தட்டித் தட்டி ஒரு தலைமுறைக்குத் தாய்மொழியில் கண் ஓடத் தொடங்கிவிட்டது. அதுவும் ஒரு தனி வாசல்தான்.

எஷ்ஷில் அல்ஸெட் தெருவை ஒட்டிய சந்தில் ஒரு போர்த்துகீசியர் காபிக்கடை. உயரத்தில் டிவி, அதில் லிஸ்பன் சேனல். மேசையில் லெசான்சியேலும் டாகெப்ளாட்டும் கிடந்தன. இரண்டாவது யார் படிப்பதற்கு என்று கேட்டேன். “வாடிக்கையாளர்களுக்கு” என்றார் கடைக்காரர். இங்கே வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறதாம், பிரெஞ்சில் பேசினோம். ஜெர்மன் தெரியாது. மகள் இங்கே பள்ளியில் படித்தவள், தேவையென்றால் அவள் படித்துச் சொல்வாள். 2015 ஜூனில் வெளிநாட்டவர்களுக்கு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை தரலாமா என்று குடிமக்களிடம் வாக்கெடுப்பு வைத்தபோது 78 சதவீதத்தினர் வேண்டாம் என்றார்களே, அதைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுக் கல்லாவுக்கு அடியிலிருந்து பளபளப்பான ஓர் இதழை எடுத்துப் போட்டார். உள்ளாட்சி அலுவலகம் வீடுவீடாக அனுப்பும் அறிக்கை இதழ்.

நாட்டில் நூறு உள்ளாட்சிகள். இப்படி இதழ் அனுப்பாத உள்ளாட்சி அபூர்வம். க்ளேர்வோவிலும் ஒன்றைப் பார்த்து, சுற்றறிக்கை என்று ஒதுக்கி வைத்திருந்தேன். இடப்பத்தியில் ஜெர்மன், வலப்பத்தியில் அதே செய்தி பிரெஞ்சில். உள்ளாட்சித் தேர்தலில் வெளிநாட்டவர்களும் வாக்களிக்கலாம். ஐந்து ஆண்டு இங்கே வசித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் 2022-ல் எடுத்துவிட்டார்கள். 2023 ஜூன் தேர்தலுக்கு முன்பு வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கச் சொல்லி அரசே போர்த்துகீசியத்திலும் ஆங்கிலத்திலும் பிரச்சாரம் செய்தது. தலைநகரின் பெரிய நாளிதழ் தன் ஜெர்மனோடு நிம்மதியாக இருக்கலாம், அதன் வாசகர்தான் நாடாளுமன்றத்துக்கு வாக்களிப்பவர். ஊராட்சித் தலைவருக்கு அந்த நிம்மதி இல்லை. பித்தளைக் குழுவின் கச்சேரியையும் சாக்கடைச் செலவையும் அவர் எதிர்வீட்டுப் போர்த்துகீசியருக்கும் புரிகிற மாதிரி சொல்லியாக வேண்டும்.

“பட்டியலில் பெயர் இருக்கிறதா?” என்றேன்.

“இருக்கிறது. இதை மட்டும் மகளைக் கேட்காமல் முழுசாகப் படிப்பேன். குப்பை வண்டி எந்தக் கிழமை வரும், தெருவை எப்போது தோண்டுவார்கள், எல்லாம் இதில் இருக்கும்.”

“2023 கடைசியில் இங்கே ஆட்சி மாறியதே, அது?”

அவர் தலையை நிமிர்த்தி டிவியைக் காட்டினார். “அதிலே சொன்னார்கள்.”